முடியாதும் முடியவில்லையும்

ஐரிஸ் மரியன் யங் 1980இல் எழுதிய ‘பெண்பிள்ளைபோல் எறிதல்’ என்ற கட்டுரையை எம்.ஏ. மாணவிகளுக்கு ஆண்டுதோறும் நடத்துகிறேன். பெண்ணியக் கோட்பாட்டுத் தாளில் மாணவிகள் கொட்டாவி விடாமல் கேட்கும் பாடங்களில் அது ஒன்று. அதில் வருவதெல்லாம் அவர்களுடைய உடம்பு என்பதுதான் காரணம். கால்களை ஒடுக்கி உட்காருவது, புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பது, பந்து வந்தால் எதிர்கொள்ளாமல் ஒதுங்குவது, இறுகிய மூடியைத் திறக்கும்போது உடம்பின் முழு வலுவையும் கொடுக்காமல் கையை மட்டும் திருகுவது. படிக்கும்போது சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கிவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த மூடிப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். “மேம், உங்களால மூடி திறக்க முடியாதே, அது எந்தக் கணக்குல வரும்?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு 31 வயதில் முடக்குவாதம் வந்தது. என் விரல்கள் கோணியிருப்பதும், என் தண்ணீர் பாட்டிலை முதல் பெஞ்சில் உட்காருபவள் திறந்து தருவதும் வகுப்புக்கே தெரியும். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் கேட்டதன் கனம் புரிந்தது. இத்தனை ஆண்டுகளாக நான் நடத்திவரும் பிரதியில் எனக்கு இடமில்லை என்பதை அவள் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டாள்.

*

யங்கின் வாதத்தை முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். எர்வின் ஸ்ட்ராஸ் என்ற அறிஞர் சிறுமியும் சிறுவனும் பந்து எறியும் விதத்தை ஒப்பிட்டு எழுதியிருந்தார். சிறுமி கையைப் பக்கவாட்டில் நீட்டுவதில்லை, உடம்பைத் திருப்புவதில்லை, காலை நகர்த்துவதில்லை; சிறுவன் உடம்பு முழுவதையும் பின்னுக்கு இழுத்து எறிகிறான். இந்த வேறுபாட்டைப் பெண்ணின் இயல்பு என்ற கணக்கில் ஸ்ட்ராஸ் எழுதினார். யங் அதை ஏற்கவில்லை. மெர்லோ-போந்தி உடலைப் பற்றிச் சொன்னதையும் சிமோன் தி பொவார் பெண்ணின் நிலைமையைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துவைத்துப் படித்தார். உடம்பு உலகத்தை ‘என்னால் முடியும்’ என்றுதான் எதிர்கொள்கிறது. பெண் வளர்க்கப்படும் விதம் அந்த ‘முடியும்’மின் மேலேயே ஒரு ‘முடியாது’வையும் ஏற்றிவைக்கிறது. அவள் ஒரு செயலைச் செய்துகொண்டே, தன் உடம்பை வெளியிலிருந்து பார்ப்பவளாகவும் இருக்கிறாள். கை எறியப் போகும்போது மற்ற உடம்பு பின்தங்கிவிடுகிறது. இது பிறவிக் குணம் அல்ல, பழக்கப்பட்டது என்கிறார் யங்.

இந்த வாதம் தந்த தெளிவைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. வயதுக்கு வந்ததும் மைதானத்தின் கதவு சாத்தப்படும் ஊர் நம்முடையது. “குதிக்காதே”, “காலை அகட்டி நடக்காதே” என்ற சொற்களைக் கேட்காத மாணவி என் வகுப்பில் இருந்ததில்லை. எட்டாம் வகுப்போடு ஓடுவதை நிறுத்தியவர்கள் பலர். ‘என் உடம்பு சோம்பேறி’ என்று நினைத்திருந்தவள், தன்னை யார் யார் எப்போது உட்காரவைத்தார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்குவது இந்தக் கட்டுரையால்தான்.

யங் தன் எல்லையையும் சொல்லிவிடுகிறார். தான் பேசுவது தொழில்வளம் பெற்ற நகரச் சமூகத்துப் பெண்களைப் பற்றி. அதுவும் ஒரு நோக்கத்தோடு செய்யும், வலு தேவைப்படும் அசைவுகளைப் பற்றி. ஆனால் முடிவை நெருங்கும்போது, பாலினப் பாகுபாடுள்ள சமூகத்தில் பெண்களுக்கு நேர்ந்ததைச் சொல்ல அவர் எடுத்துக்கொள்ளும் சொல் ஊனம். சமூகம் பெண்ணின் உடம்பை ஊனமாக்கியிருக்கிறது என்பதே அவர் வாதத்தின் திரட்சி. ஊனத்தோடு வாழும் பெண்ணின் அனுபவத்துக்குக் கட்டுரையில் இடமில்லை. ஊனம் மட்டும் உவமையாக வந்து போகிறது. தடையை நீக்கினால் ஓடுவாள் என்ற நம்பிக்கை கட்டுரை முழுக்க இருக்கிறது. தடை நீங்கிய பிறகும் ஓடாத உடம்பைப் பற்றி அது யோசிக்கவில்லை.

*

என் பள்ளித் தோழி ஒருத்திக்கு இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் சூம்பியிருந்தது. காலில் காலிப்பர், கையில் ஊன்றுகோல். பி.டி. பீரியடில் நாங்கள் கோகோ ஆடுவோம், அவள் வேப்பமரத்தடியில் எங்கள் பைகளுக்குக் காவல் இருப்பாள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை அதே மரம், அதே காவல். பி.டி. மிஸ் கெட்டவர் இல்லை. “நீ வெயில்ல நிக்காதே கண்ணு” என்று அக்கறையோடுதான் உட்காரவைப்பார்.

பள்ளி விட்ட பிறகு கதை வேறு. சாலையோரப் புளியமரத்தில் எங்கள் கல் பாதிக் கிளைக்குக்கூடப் போகாது. அவள் ஊன்றுகோலை மரத்தில் சாய்த்துவிட்டு, ஒரு கையால் மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு எறிந்தால் உச்சிக் கொத்து விழும். பல ஆண்டுகள் ஊன்றி ஊன்றி உரம் ஏறிய தோள் அவளுடையது. உடம்பு முழுவதும் அந்த எறிதலில் இருக்கும். யங் தேடிய எறிதல் அதுதான். ஆனால் அந்தக் கட்டுரையை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அவள் நினைவு வரவே இல்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அவளைத் தடுத்தது மனத் தயக்கம் அல்ல. இரண்டு கால்களால் ஓடுவதுதான் விளையாட்டு என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்ட ஒரு வகுப்பு. பிரிட்டனில் 1970களில் மாற்றுத்திறனாளிகளின் இயக்கம் இந்த வேறுபாட்டைத்தான் முன்வைத்தது: உடம்பில் இருப்பது குறைபாடு, அந்தக் குறைபாட்டைக் காரணம் காட்டிச் சமூகம் ஒருவரை விலக்கிவைப்பதுதான் ஊனம். இந்தியாவில் அனிதா காய், இந்தியப் பெண்ணியத்தின் நிகழ்ச்சிநிரலிலேயே மாற்றுத்திறனாளிப் பெண்கள் விடுபட்டுப்போனதை 2002இல் எழுதினார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவளை மறந்துவிட்டு ‘பெண்பிள்ளைகளுக்கும் மைதானம் வேண்டும்’ என்று பேச்சுப்போட்டியில் பேசிப் பரிசு வாங்கியவள் நான். அனிதா காய் குற்றம் சாட்டுவது என்னைப் போன்றவர்களைத்தான்.

*

தோழியின் கதைக்கு விடை கண்ணுக்குத் தெரிகிறது. ஆட்டத்தின் விதியை மாற்றலாம், எறிதலையும் விளையாட்டாகக் கணக்கில் எடுக்கலாம், மைதானத்துக்குச் சாய்தளம் போடலாம். என் கதைக்கு இந்த விடை போதவில்லை. ஏன் போதவில்லை என்று எனக்குப் புரியவைத்தது தமிழ்தான்.

ஆங்கிலக் கட்டுரையில் யங்குக்கு இருப்பது ஒரே ஒரு ‘முடியாது’. நமக்கு இரண்டு இருக்கின்றன. ‘முடியாது’ என்பதில் காலம் இல்லை. இன்றைக்கும் நாளைக்கும் சேர்த்துச் சொல்லும் தீர்ப்பு அது. மறுப்பும் அதுதான்: “என்னால முடியாது, போ.” ‘முடியவில்லை’ என்பது இன்றைய நிலவரம். அதோடு அதற்கு நோய் என்றும் பொருள். “அம்மாவுக்கு முடியல” என்றால் எதைச் செய்ய முடியவில்லை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. உடம்பு சரியில்லை என்று புரிந்துகொள்கிறோம்.

என் தோழியின் கால் ‘முடியாது’ என்ற சொல்லுக்குள் இருந்தது. நேற்று எப்படியோ இன்றும் அப்படியே. அதை வைத்து அவள் திட்டமிட்டாள். என் உடம்பு ‘முடியவில்லை’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது. காலையில் எழுந்தால் ஒன்றரை மணி நேரம் விரல்கள் மடங்காது. பத்து மணிக்கு வகுப்பெடுப்பேன். சில வாரங்களில் மாலையில் இரண்டு கிலோமீட்டர் நடப்பேன். மூட்டுகள் கனன்று எழும் வாரத்தில் கட்டிலிலிருந்து குளியலறைவரை நடப்பதே பெரும்பாடு. வாரம் ஒரு முறை சாப்பிடும் மாத்திரைக்கு மறுநாள் குமட்டலும் அசதியும் உண்டு. திங்கட்கிழமை என்னை நடைப்பாதையில் பார்த்தவர், புதன்கிழமை நான் மாடியேற முடியாமல் நிற்பதைப் பார்த்தால் கேட்பார்: “முந்தாநாள் நல்லாத்தானே இருந்தீங்க?”

இந்த இடத்தில்தான் யங்கின் வாசிப்பு என்னைப் போன்றவர்களைக் கைவிடுகிறது. பெண் சொல்லும் ‘முடியாது’வை அவர் கற்பிக்கப்பட்ட ஒன்றாகப் பார்க்கிறார். அதன் அடியில் ஒரு ‘முடியும்’ ஒளிந்திருக்கிறது, அதை வெளியே கொண்டுவர வேண்டும் என்பது அவர் நிலை. ஆரோக்கியமான பெண்ணுக்கு அது கைகொடுக்கலாம். நோயாளிப் பெண்ணிடம் இதே சந்தேகத்தோடுதான் ஏற்கெனவே எல்லோரும் பேசுகிறார்கள். நோய் என்னவென்று தெரிவதற்கு முன், வீங்கிய விரல்களோடு நான் போய் நின்றபோது ஒரு மருத்துவர் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், “எல்லாம் மனசுதாம்மா. டெய்லி வாக்கிங் போங்க, சரியாயிடும்” என்றார். பதினோரு மாதம் நான் அதை நம்பினேன். வலியோடு நடந்தேன். வலித்தது என் மனத்திட்பம் போதாததால்தான் என்று நினைத்தேன்.

நோய்க்குப் பெயர் கிடைத்ததும் எல்லாம் தலைகீழாயிற்று. சைக்கிளை விற்றார்கள். “நீ அசையாதே, ரெஸ்ட் எடு” என்றார் மாமியார். முடக்குவாதத்துக்கு அளவான பயிற்சி நல்லது. விறைப்பைக் குறைக்கும், மூட்டைத் தாங்கும் தசைக்கு வலுவூட்டும். இதை ஒரு பிசியோதெரபிஸ்ட் எனக்குச் சொன்னபோது நான்கு ஆண்டுகள் போயிருந்தன. முடியாதபோது ‘உன்னால் முடியும்’ என்றார்கள். முடியும்போது ‘உன்னால் முடியாது’ என்றார்கள். இரண்டு முறையும் தீர்ப்பு எழுதியவர்கள் மற்றவர்கள்.

*

யங்கோடு சேர்த்துப் படிக்க வேண்டிய நூல் என்று நான் கருதுவது சூசன் வெண்டலின் ‘நிராகரிக்கப்பட்ட உடல்’ (1996). கனடாவில் தத்துவம் கற்பித்த வெண்டல் 1985இல் நாட்பட்ட களைப்பு நோயில் விழுந்தவர். உடம்பைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கையை அவர் ஒரு புனைவு என்கிறார். சரியாகச் சாப்பிட்டு, சரியாக நடந்தால் நோய் வராது என்ற எண்ணத்தின் மறுபக்கம், நோய் வந்தால் அது உன் தப்பு என்பது. நிறுவனங்கள் எதிர்பார்க்கும் வேகமே ஒரு தடை என்றும் அவர் காட்டுகிறார். படிக்கட்டைப் போலவே கால அட்டவணையும் ஆட்களை வெளியே நிறுத்துகிறது.

2001இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை இன்னும் துணிச்சலானது. மாற்றுத்திறனாளிகளின் இயக்கத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு பிளவை அது பேசுகிறது. ‘நாங்கள் நோயாளிகள் அல்ல’ என்று இயக்கம் சொன்னதற்கு நியாயம் இருந்தது. மருத்துவத்தின் பிடியிலிருந்து வெளிவர அந்தச் சொல் வேண்டியிருந்தது. ஆனால் அதைச் சொன்ன வேகத்தில், உண்மையாகவே நோயோடு இருப்பவர்கள் ஓரமாகிப் போனார்கள். நிலையான குறைபாடுள்ள ஆரோக்கியசாலி ஒருபுறம். ஏறி இறங்கும் நோயோடு வாழ்பவள் மறுபுறம். சாய்தளம் போட்டாலும் வலி போகாது, களைப்பு போகாது. அநீதியை எதிர்ப்பதோடு உடம்பின் துன்பத்தையும் பேசவேண்டியிருக்கிறது என்கிறார் வெண்டல். பெண்ணியத்துக்கு இது எளிதில் செரிக்காது. பெண்ணுடல் பலவீனமானது என்ற பழைய பொய்யை விரட்ட இவ்வளவு பாடுபட்ட பிறகு, ‘என் உடம்பு பலவீனமாகத்தான் இருக்கிறது’ என்று ஒருத்தி சொன்னால் தோழிகளுக்கே சங்கடமாக இருக்கிறது. அந்தச் சங்கடத்தை நான் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன்.

*

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் தமிழ்நாட்டைச் சேர்ந்த மூன்று பெண்கள் பாட்மின்டனில் பதக்கம் வென்றார்கள். கை குறைபாடுள்ளவர்களுக்கான எஸ்யூ5 பிரிவில் துளசிமதி முருகேசனுக்கு வெள்ளி, மனிஷா ராமதாசுக்கு வெண்கலம். உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்ஹெச்6 பிரிவில் நித்யஸ்ரீ சிவனுக்கு வெண்கலம். அந்த ஆட்டங்களைப் பார்த்தபோது என் புளியமரத்துத் தோழிக்கு ஒரு மட்டை கிடைத்திருந்தால் என்ற ஏக்கம் வந்தது. ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது நம் ஊடகங்கள் அவர்களுடைய டிராப் ஷாட்டைப் பற்றிப் பேசுவது குறைவு, ‘ஊனத்தை வென்றார்’ என்பதே அதிகம். ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங், மற்றவர்கள் உற்சாகம் பெறுவதற்காக ஊனமுற்றோரைக் காட்சிப்பொருளாக்கும் இந்த வழக்கத்தை ‘உத்வேக ஆபாசம்’ என்று 2014இல் ஒரு மேடையில் கிழித்துப் போட்டார். அவர்கள் வென்றது எதிராளியை. ஊனத்தோடு அவர்களுக்குப் போட்டி இல்லை.

இந்த வெற்றிக் கதைகள் என்னை நோக்கியும் திருப்பிவிடப்படுகின்றன. “கை இல்லாதவங்களே ஆடுறாங்க, உனக்கென்ன?” என்று கேட்ட உறவினர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு தகவல். பாராலிம்பிக்கில் கலந்துகொள்ளத் தகுதியான குறைபாடுகள் பத்து வகை. வலியையோ களைப்பையோ முதன்மையாகத் தரும் நோய்கள் அவற்றில் சேராது. ஃபைப்ரோமயால்ஜியாவும் நாட்பட்ட களைப்பு நோயும் சேராதவற்றுக்கு உதாரணமாகவே விதிகளில் சொல்லப்பட்டவை. ஏற்றத்தாழ்வில்லாமல் அளக்கக்கூடிய குறைபாடு வேண்டும் என்ற போட்டியின் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு நோய்களும் பெண்களுக்கே அதிகம் வருபவை என்பதையும் கவனிக்க வேண்டும். முடக்குவாதமும் லூபஸும்கூட அப்படித்தான்.

சட்டத்தின் அளவுகோலும் இதற்குத் தூரமில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதன் 30ஆம் பிரிவு, விளையாட்டில் மாற்றுத்திறனாளிகள் பங்கேற்பதை உறுதிசெய்வதை அரசின் கடமையாக்குகிறது. நல்ல சட்டம். ஆனால் முடக்குவாதம் என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. மூட்டு கோணி, அசைவு குறைந்து, அந்தக் குறைவு 40 சதவீதத்தைத் தொட்ட பிறகே சலுகைகளுக்கான கதவு திறக்கும். விரல்கள் கெட்டுப்போன பிறகு கணக்கில் வருவோம். கெட்டுப்போகாமல் காக்கப் போராடும் ஆண்டுகளில் கணக்கில் இல்லை.

*

இப்போது எங்கு திரும்பினாலும் ‘நட’ என்கிறார்கள். கைபேசி பத்தாயிரம் அடி கேட்கிறது. அந்த எண் பிரபலமானது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பொருள்படும் பெயர்கொண்ட ஓர் அடிமானியிலிருந்து. எங்கள் பூங்காவில் எட்டு வடிவப் பாதை போட்டு, அதில் கூழாங்கல் பதித்திருக்கிறார்கள். பாதம் வீங்கிய எனக்கு அந்தப் பாதையில் நான்கு அடி வைப்பதே தண்டனை. பாதை நெடுகிலும் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. நடப்பவர் நடுவில் உட்காருவார் என்று திட்டம் போட்டவருக்குத் தோன்றவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்செயல்பாட்டில் ஈடுபட வேண்டும் என்கிறது. ஊனத்தோடும் நாள்பட்ட நோயோடும் வாழ்பவர்களுக்கென்று தனிப் பரிந்துரைகளும் அதில் உண்டு. கொஞ்சம் செய்வது எதுவும் செய்யாததைவிட மேல் என்கிறது. பொதுவாக நல்ல அறிவுரைதான். ஆனால் எல்லா உடம்புக்கும் பொருந்துவது அல்ல. வெண்டலுக்கு இருந்த நோய்க்கு, படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையைப் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு பல ஆண்டுகள் பரிந்துரைத்தது. செய்யச் செய்யத் தாங்கள் மோசமாவதாக நோயாளிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2021இல் அந்தப் பரிந்துரை கைவிடப்பட்டது. ‘முடியவில்லை’ என்ற அவர்களுடைய சொல்லை முதலிலேயே தகவலாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

நம் வீடுகளில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். துணி பிழிவதும் குடம் தூக்குவதும் உடற்பயிற்சிதானே என்று சிலர் சொல்வார்கள். உடம்பு அசைகிறது, உண்மை. ஆனால் அந்த அசைவில் நிறுத்தும் உரிமை அவளுக்கு இல்லை. என் ஒரு நாள் தெம்பு முழுவதும் சமையலறையில் தீர்ந்துவிட்டால், மாலை நடைக்கு மிச்சம் எதுவும் இருக்காது. நான் நடக்காததற்குக் காரணம் நோய் மட்டும் அல்ல. இருக்கிற கொஞ்சத் தெம்பும் யாருக்குப் போகிறது என்பதும் காரணம். வீட்டில் மாவு அரைப்பதும் துணி உலர்த்துவதும் என் கணவரின் வேலையான பிறகுதான் நான் நீச்சல்குளத்துக்குப் போக ஆரம்பித்தேன். தண்ணீரில் என் மூட்டுகளுக்குப் பாரம் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் போகிறேன். சில வாரம் போவதில்லை.

*

அந்த மாணவியின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. மூடி திறக்க இயலாமை மூன்று கணக்கில் வரலாம். பெண் என்பதால் முழு வலுவைக் கொடுக்காமல் பழகியது ஒன்று. அது யங்கின் கணக்கு. யார் கைக்கு என்று யோசிக்காமல் மூடி செய்தது இன்னொன்று. அது என் தோழியின் கணக்கு. மணிக்கட்டில் நிஜமாகவே வலி இருப்பது மூன்றாவது. அது வெண்டலின் கணக்கு. என் கையில் மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. எந்த நாளில் எது என்று சொல்லும் அதிகாரம் எனக்கு வேண்டும். தவறாகச் சொல்லிவிட்டு மறுநாள் திருத்திக்கொள்ளும் உரிமையும் வேண்டும். அதோடு, வலியே இல்லாத நாளிலும் ‘இன்றைக்கு முடியாது’ என்று மறுக்கும் பழைய உரிமையும் வேண்டும்.

இந்த ஆண்டு யங்கோடு வெண்டலையும் சேர்த்து நடத்தினேன். தேர்வுக்கு வராது என்று தெரிந்தே, பள்ளியில் பி.டி. பீரியடில் என்ன செய்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். முப்பத்திரண்டு தாள்களில் ஐந்து பேர் பை காத்தவர்கள். ஒருத்திக்கு வலிப்பு, ஒருத்திக்கு ஆஸ்துமா, இன்னொருத்திக்கு மாதந்தோறும் சுருண்டு படுக்கவைக்கும் வலி. இதய வால்வில் கோளாறுள்ள ஒருத்தி எழுதியிருந்தாள்: ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள் என்ன ஆடக் கூடாது என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள், எதை ஆடப் பிடிக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டேன். டென்னிகாய்ட் என்றாள். அவளுடைய மருத்துவர் எவ்வளவு ஆடலாம் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை கடைசி பீரியடில் கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் வலை கட்டுகிறோம். நாற்காலிகளும் போடச் சொல்லியிருக்கிறேன்.